புதுப்பேட்டையில் வாங்கிய மேனிஃபோல்டும் 2004 ஆக்டேவியாவின் பிக்கப்பும்

என் கார் 2004 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ. 1896 சிசி, 90 குதிரைத்திறன், 1900 ஆர்பிஎம்மிலேயே 210 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. இந்த இன்ஜினை விரும்பி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கீழ் ஆர்பிஎம் இழுவைக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். என் காரில் அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேம்பாலத்தை இரண்டாவதில் ஏறும் நிலைக்கு வந்துவிட்டது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டை மாற்றியதும் இழுவை திரும்பிவிட்டது. வாங்கிய சாமானைப் பற்றியும் மாட்டிக் கொடுத்த பட்டறையைப் பற்றியும் விவரமாகச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏர் கம்ப்ரசர்களைப் பராமரிப்பது என் தொழில். காற்றுக் குழாய் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை தினமும் பார்க்கிறவன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் உள்ளே இழுக்க வேண்டும். 1896 சிசி இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2800 லிட்டர் காற்றைக் கேட்கும், அதுவும் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல். அத்தனையும் மேனிஃபோல்டின் நான்கு கிளைகள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்தக் கிளைகளில்தான் கரி படிகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைப்பதற்காக இஜிஆர் வால்வு எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுகிறது. அதில் கரித்தூள் இருக்கும். இன்ஜினின் அடிப்பகுதி மூச்சுவிடும் குழாயான கிராங்க் கேஸ் பிரீதர் வழியே ஆயில் ஆவியும் அதே பாதைக்கு வருகிறது. இரண்டும் கலந்து ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கார்கள் விற்ற காலத்து டீசலில் கந்தகமும் அதிகம்: பழைய மாசு விதியான பிஎஸ்-2 டீசலில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை அனுமதி, இன்றைய பிஎஸ்-6 டீசலில் 10 தான். சென்னை நெரிசலில் 1500 ஆர்பிஎம்முக்கு மேலே போகாமலே ஓடுகிற வண்டியில் படிவு இன்னும் வேகம்.

ஸ்கேனர் போட்டால் ஒரு எரர் கோடும் வராது என்பதுதான் இதில் பெரிய தொந்தரவு. டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தை அளக்கும் சென்சார், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கத்தில், அடைப்புக்கு முன்னாலேயே இருக்கிறது. அதன் கண்ணுக்கு அழுத்தம் சரியாகத்தான் தெரியும். சிலிண்டருக்குள் போய்ச் சேராத காற்று அதற்குத் தெரியாது. உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் மட்டும் குறைவாகக் காட்டும். உடனே இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு புகை வராமலிருக்க டீசலைக் குறைத்துவிடும். அதனால் கரும்புகையும் இருக்காது, பிக்கப்பும் இருக்காது. முன்பு போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் குறைவாகக் காட்டிய அந்த சென்சாரையே குற்றவாளியாக்கிப் புதிது மாட்டினார்கள். பணம் போனது, பிக்கப் வரவில்லை.

மேனிஃபோல்டைச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் வாங்கினேன். விலை 4,500 ரூபாய், பழையதைக் கொடுத்தால் 500 கழித்துக்கொள்கிறார்கள். கடைக்கார பாய் மூன்று மேனிஃபோல்டை எடுத்துப் போட்டார். பார்க்க மூன்றும் பளபள. முதலாவது வெள்ளையாக, பொரிந்து, சின்னச் சின்னக் குழிகளோடு இருந்தது. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்ட அடையாளம் அது. இந்த மேனிஃபோல்ட் அலுமினியம். காஸ்டிக் கரியோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகம் குழி விழுந்தால் பூஸ்ட் காற்று அங்கேயே கசியும். இரண்டாவதைத் தலைகீழாகத் தட்டினேன், உள்ளேயிருந்து மணல் உதிர்ந்தது. மணலைப் பீய்ச்சி (சாண்ட் பிளாஸ்ட்) சுத்தம் செய்து, கழுவாமல் வைத்திருக்கிறார்கள். அந்த மணலில் நாலு துகள் சிலிண்டருக்குள் போனால் போதும், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் கீறல் விழுந்து போகும். மூன்றாவது டீசலில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தது. மூலைகளில் லேசாகக் கறுப்பு இருந்தாலும் முகம் தட்டையாக இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எங்கேயும் நுழையவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதையே எடுத்தேன்.

“பளபளன்னு இருக்கிறத விட்டுட்டு இதக் கேக்கறீங்களே சார்” என்றார் பாய். காரணத்தைச் சொன்னதும், காஸ்டிக்கில் போட்டதை விற்பனை வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார். இந்தக் கடைக்கு நான் திரும்பவும் போவேன்.

மாட்டியது பாடி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில். மூன்றே பேர். கூலி 3,500, புது கேஸ்கெட்டுகள் தனி. இந்த இன்ஜினில் மேனிஃபோல்ட் பின்பக்கம், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலை ஒட்டி, டர்போவுக்கு மேலே இருக்கிறது. தலையில் அறுகோணக் குழி உள்ள ஆறு ஆலன் போல்ட். பின்னால் இருக்கிறவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலைமை மெக்கானிக் ஒவ்வொரு போல்ட் தலையிலும் அடைந்திருந்த அழுக்கைக் கம்பியால் நோண்டி எடுத்த பிறகே ஆலன் கீயை வைத்தார். அவசரப்பட்டுத் திருகினால் ஆலன் தலை வழுக்கிவிடும், பிறகு டிரில் போடுவதைத் தவிர வழியில்லை.

கழற்றிய மேனிஃபோல்டைக் கையில் கொடுத்தார். இரண்டு விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்கூடச் சரியாகப் போகவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்கக் காரணம். வாங்கி வந்த மேனிஃபோல்டை உடனே ஏற்றவில்லை. சிலிண்டர் ஹெட்டின் துவாரங்களிலும் அதே கரி இருந்தது. இன்ஜினைக் கையால் சுற்றி, இன்டேக் வால்வு மூடியிருக்கும் சிலிண்டரை மட்டும் எடுத்து, சுரண்டி, வேக்குவம் வைத்து உறிஞ்சி, பிறகு அடுத்ததற்குப் போனார். மற்ற துவாரங்களில் துணி அடைத்திருந்தார். திறந்த வால்வு வழியாக ஒரு கட்டி உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த கை. இஜிஆர் வால்வையும் அதிலிருக்கும் ஃபிளாப்பையும் (காற்றுப் பாதையை மூடும் தகடு) சுத்தம் செய்து, கடைசியில் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்கினார். முழுப் பகல் வேலை.

பலன்? மூன்றாவது கியரில் பெடலை முழுக்க அழுத்தி 3000 ஆர்பிஎம்மில் பார்த்தால், முன்பு ஒரு ஸ்ட்ரோக்குக்கு 610 மில்லிகிராம் காற்று என்று காட்டிய, காரோடு இணைத்த லேப்டாப் இப்போது 860 காட்டுகிறது. செங்கல்பட்டு தாண்டி லாரியை முந்த கியரைக் குறைக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு ஏற்காடு போனபோது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைந்து நிமிர்ந்ததும் வண்டி தானாக இழுத்தது. இன்னொன்று நான் எதிர்பாராதது: சாவியைத் திருப்பி அணைத்தால் இன்ஜின் இப்போது குலுங்காமல் நிற்கிறது. அணைக்கும்போது காற்றை மூட வேண்டிய ஃபிளாப் கரியில் சிக்கிக் கிடந்திருக்கிறது.

ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 150 குதிரைத்திறன் இன்ஜினின் அகலமான மேனிஃபோல்டை வாங்கி மாட்டுகிறார்கள். பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர் போடுகிறவர்களுக்கு அது நியாயம். ஸ்டாண்டர்டு டர்போவை வைத்துக்கொண்டு அதை இறக்குமதி செய்து குழாய்களையெல்லாம் திருப்பிப் போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. கம்பெனி கொடுத்த அளவு இந்த டர்போவுக்குப் போதும், அந்த அளவு திறந்திருந்தால்.

இஜிஆரை அடைத்துவிடலாம், பிறகு கரியே வராது என்று பட்டறையில் ஒரு பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். என் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர்கள் மூச்சில் அந்த நைட்ரஜன் ஆக்ஸைடு போவதை நான் விரும்பவில்லை. வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் நல்ல ஆர்பிஎம்மில் ஓட்டுகிறேன், வருஷத்துக்கு ஒருமுறை இஜிஆரைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறேன்.

குறைகளும் உண்டு. பட்டறையில் பில் கேட்டால் துண்டுச்சீட்டுதான். கேஸ்கெட் அவர்களிடம் இருப்பு இல்லை. மேனிஃபோல்ட் கேஸ்கெட், இஜிஆர் குழாய் கேஸ்கெட், இஜிஆர் ஓ-ரிங் மூன்றையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கழற்றிய வண்டி அங்கேயே நிற்கும். டர்போவின் உள்ளே அசையும் இறக்கைகள் (வேன்) சிக்கியிருந்தாலோ வேக்குவம் டியூப் வெடித்திருந்தாலோ இந்தச் செலவால் பலன் இருக்காது, அவற்றை முதலில் பார்த்துவிடச் சொல்லுங்கள். புதுப்பேட்டைக்குப் போகும்போது ஸ்டீல் ஸ்கேலும் டார்ச்சும் கையில் இருக்கட்டும்.