ஊசியா, ஒட்டா?

கடுமையான மாரடைப்பில் நூறு கோடி இதயத்தசைச் செல்கள்வரை மடிந்துபோகலாம். இதயம் அவற்றை ஈடுகட்டாது. 25 வயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள்தாம் புதிதாகின்றன, முதுமையில் அதில் பாதி. செத்த இடத்தில் தழும்பு நிற்கும், தழும்பு துடிக்காது. அங்கே ஸ்டெம் செல்லால் (வேறுவகைச் செல்லாக மாறவல்ல மூலச் செல்) புதுத் தசை வளர்க்கலாம் என்கிறவர்களிடம் மூன்று வழிகள் உண்டு.

மூத்தது எலும்பு மஜ்ஜை வழி. நோயாளியின் இடுப்பெலும்பில் உறிஞ்சி எடுத்து இதயத்துக்குள் செலுத்துவார்கள். சொந்தச் செல் என்பதால் உடல் எதிர்க்காது. ஆனால் அது தசையாக மாறுவதில்லை. மாறுகிறது என்று 2001இல் அடித்துச் சொன்ன, பின்னாளில் அமெரிக்காவின் ஹார்வர்டில் பணியாற்றிய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் ஆய்வகக் கட்டுரைகளில் 31ஐத் திரும்பப் பெறச் சொல்லி 2018இல் ஹார்வர்டே கேட்டது. 2019இல் எலிகளில் தெரிந்தது இன்னும் வேடிக்கை: கொன்ற செல்லை ஊசியாகப் போட்டாலும் இதயம் சற்றுத் தேறியது! தேற்றியது செல் அல்ல, அங்கே கிளர்ந்த நோயெதிர்ப்பு.

எனவே நிஜப் போட்டி, முன்கூட்டியே தசையாக வளர்த்த செல்லை எப்படி வைப்பது என்பதில்தான். இதற்கு இப்போது பெரும்பாலும் ஐ.பி.எஸ் செல்லே மூலம். காக்கிச் சட்டை நினைவுக்கு வரவேண்டாம். தோல், ரத்தச் செல்களைக் கருப்பருவத்துக்குத் திருப்பும், ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா 2006இல் காட்டிய வித்தை இது.

ஊசியில் போட்டால் புதுச் செல் பழைய தசையோடு இணைந்து துடிக்கிறது. அதுவே வம்பும். கருவிலிருந்து பெற்ற செல்களை வைத்து 2014இல் அமெரிக்காவின் சியாட்டில் குழு குரங்குகளில் முயன்றபோது தழும்பில் தசை நிறைந்தது. கூடவே இதயத் தாளமும் தடுமாறியது. முதிராத செல் தன்பாட்டுக்குத் தாளம் போடும்.

ஒட்டு, வெளிச்சுவரில் வைப்பது. ஜப்பானின் ஒசாகாவில் மருத்துவர் யோஷிகி சாவா 2020இல் மனிதரில் தொடங்கிய மெல்லிய செல் தாள், தானே தசையாக உழைப்பதைவிட, சுரக்கும் பொருள்களாலேயே உதவுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் குழுவினுடையது தடித்த ஒட்டு: கொலாஜன் என்ற புரதத்தில் வளர்த்த தசை. 2025இல் வந்த அவர்களது ஆய்வில் குரங்கின் இதயச்சுவர் தடித்தது, தாளம் கெடவில்லை. மாற்று இதயத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கும் வைத்தார்கள்; மூன்று மாதம் கழித்துப் பழைய இதயத்தை அகற்றிப் பார்த்தபோது ஒட்டு உயிரோடு இருந்தது.

என் ஓட்டு இந்தத் தடித்த ஒட்டுக்குத்தான், மாற்று இதயம் கிடைக்கும்வரை தாங்கும் முட்டாக மட்டும். செல் பிறருடையது என்பதால், நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரையை விடாமல் விழுங்கவேண்டும்.