பழைய சுருக்கக் கோப்புகளைத் திறக்க எந்தக் கருவி: பிகேஅன்ஜிப், 7-ஜிப், வின்ரார், அன்ஆர்

பழைய வன்வட்டிலோ ஃபிளாப்பியிலோ ஏஆர்சி, ஜூ, எல்இசட்எச், ஏஆர்ஜே, ஏஸ் போன்ற நீட்சிப்பெயர் கொண்ட கோப்பு ஒன்று கிடைத்தால், அதைத் திறப்பதற்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. ஜிப்புக்கு பிகேஅன்ஜிப் போல, அக்காலத்து மூலக் கருவியையே பழைய கணினியிலோ, டாஸ் சூழலை இன்றைய கணினியில் போலச் செய்யும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரிலோ இயக்கலாம், 7-ஜிப்பை நாடலாம், வின்ராரை நாடலாம், ‘அன்ஆர்’ என்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்தலாம். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாஸ் அல்லது விண்டோஸ் 98 ஓடும் கணினியில் மூலக் கருவி, மற்றெல்லா இடத்திலும் முதலில் அன்ஆர், அது கைக்கு எட்டாதபோது 7-ஜிப். வின்ராருக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சுகிறது. அது என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம். எத்தனை வடிவங்களைத் திறக்கிறது என்ற எண்ணிக்கையைவிட, வெளியே வந்த கோப்பு பழுதாக இருந்தால் அதை ஒளிக்காமல் சொல்கிறதா என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கருவியைத் தேடுவதற்கு முன் கோப்பு உண்மையில் எந்த வடிவம் என்று உறுதிசெய்துகொள்வது அவசியம், ஏனெனில் நீட்சிப்பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் வரியைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அது ஜிப். அவை அதை உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். மூன்றாவது பைட்டிலிருந்து ‘-எல்எச்5-’ என்று தெரிந்தால் அது எல்எச்ஏ, அதாவது எல்இசட்எச் நீட்சிப்பெயர் கொண்ட வடிவம். எட்டாவது பைட்டிலிருந்து இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ‘ஏஸ்’ என்று இருந்தால் அது ஏஸ். ஜூ கோப்பு தன் பெயரைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும்.

பழைய கணினியில் நினைவகம் போதாதே என்று பலரும் தயங்குகிறார்கள். உண்மை நேர்மாறானது. எல்எச்ஏவின் எல்எச்5 முறைக்கு 8 கேபி, ஜிப்பின் டிஃப்ளேட் முறைக்கு 32 கேபி அளவிலான சாளரமே (விரிக்கும்போது நினைவகத்தில் வைத்திருக்க வேண்டிய முந்தைய தரவு) போதும். அந்த வடிவங்கள் அக்காலத்துக் கணினிகளுக்காகவே வடிக்கப்பட்டவை. 64 எம்பி அகராதியுடன், அதாவது அவ்வளவு பெரிய சாளரத்துடன், உருவாக்கிய புதிய 7இசட் கோப்பைத்தான் 64 எம்பி நினைவகம் உள்ள கணினியால் விரிக்க இயலாது.

மூலக் கருவிகளின் பெரிய பலம், அவை தம் வடிவத்தின் எல்லா மூலைமுடுக்குகளையும் அறிந்திருப்பது. ஏஆர்ஜே கோப்பு பல ஃபிளாப்பிகளில் பிரிந்து, முதற்பகுதி ஏஆர்ஜே என்றும் அடுத்தவை ஏ01, ஏ02 என்றும் தொடருமானால், அந்தத் தொடரைக் கோத்துப் பிரிக்க ராபர்ட் ஜங் எழுதிய ஏஆர்ஜே நிரலையே நான் நம்புகிறேன். ஜிப்பிலும் இத்தகைய நுணுக்கம் ஒன்று உண்டு. ஃபில் கட்ஸின் சுருக்க நிரலான பிகேஜிப் 1989-இல் வெளிவந்தது; அதன் தொடக்கப் பதிப்புகளில் ஷ்ரிங்க், இம்ப்ளோட் போன்ற பழைய சுருக்க முறைகளே இருந்தன, 1993-இல் 2.04ஜி பதிப்போடுதான் டிஃப்ளேட் பரவலாயிற்று. ஆகவே, அதற்கு முந்தைய ஜிப் கோப்புகளைக் கண்டு டிஃப்ளேட் மட்டுமே அறிந்த சில இன்றைய நிரல்கள் திகைத்து நிற்கும். எடுத்துக்காட்டாக, பைத்தான் மொழியோடு வரும் ஜிப் நூலகத்தால் இம்ப்ளோட் முறையை விரிக்க முடியாது. பிகேஜிப்போடு வந்த விரிக்கும் நிரலான பிகேஅன்ஜிப்புக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

ஆனால் இந்த வழியில் இரண்டு பொறிகள் உள்ளன. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். கட்டளையில் ‘-டி’ என்ற தெரிவைச் சேர்க்காவிட்டால் பிகேஅன்ஜிப் உட்கோப்பகங்களை உருவாக்காது. எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இரண்டாவது பொறி இன்னும் நயவஞ்சகமானது. நீண்ட பெயர்களோடு விண்டோஸில் உருவாக்கிய ஜிப்பை டாஸில் விரித்தால், ஒவ்வொரு பெயரும் எட்டு எழுத்துகளுக்கு வெட்டப்படும். ‘ரிப்போர்ட்’ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் அடிக்கோடும், அதன்பின் ஜனவரி, ஜூன் என்ற மாதப் பெயர்களும் வருகின்றன என்று கொள்ளுங்கள். எட்டாவது எழுத்து இரண்டிலும் ‘ஜே’தான், இரண்டு கோப்புகளுக்கும் ஒரே பெயர் அமைந்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதட்டுமா என்று நிரல் கேட்கும்போது, யோசிக்காமல் ‘ஆம்’ என்று தட்டினால் ஜனவரி மாத அறிக்கை அந்த நொடியிலேயே போய்விடும். அன்று நான் தட்டியது அப்படித்தான்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு 7-ஜிப்பைப் பலரும் பரிந்துரைப்பதில் நியாயம் உண்டு. இகோர் பாவ்லோவ் 1999 முதல் வளர்த்துவரும் இந்த இலவச நிரல் ஏஆர்ஜே, எல்இசட்எச், கேப், இசட், ரார் ஆகியவற்றைத் திறக்கும். ஷ்ரிங்க், இம்ப்ளோட் முறை ஜிப்களையும் விரிக்கும். எந்தக் கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதை ஒரு நெடுவரிசையில் காட்டவும் செய்யும். 2010-இல் வெளியான 9.20 பதிப்பு விண்டோஸ் 98-இலும் இயங்குவதால், பழைய கணினிக்கும் அது பொருந்தும்; ஆனால் 2013-இல் வந்த ரார்5 வடிவத்தை அந்தப் பதிப்பு அறியாது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் டாஸ் நிரல்கள் ஓடாது என்பதால், தானே விரியும் பழைய இஎக்ஸ்இ கோப்புகள் அங்கே செயலற்றுக் கிடக்கும். அவற்றை இயக்காமல், 7-ஜிப்பில் சுருக்கக் கோப்பாகவே திறந்து பார்க்கலாம், உள்ளே அது அறிந்த வடிவம் இருந்தால் திறந்துகொள்ளும். ஏஆர்சி, ஜூ, பழைய மேக் கணினிகளின் ஸ்டஃப்இட் ஆகிய மூன்று வடிவங்களும் 7-ஜிப்பின் எல்லைக்கு வெளியே உள்ளன.

அந்த மூன்றையும் அன்ஆர் திறக்கிறது. என் பட்டியலில் அது முதலிடம் பெற அதுவே முதற்காரணம். மேக் கணினிகளில் ‘தி அன்ஆர்க்கைவர்’ என்ற பெயரில் அறியப்படும் செயலியின் கட்டளைவரி வடிவம் இது. லினக்ஸில் எளிதாக நிறுவலாம். கோப்புப் பெயர்களை இது கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்எச்ஏ ஜப்பானில் பிறந்து அங்கேயே பெரிதும் புழங்கிய வடிவம்; அதனுள் உள்ள பெயர்கள் ஜப்பானிய எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால் பிற கருவிகளில் அவை குப்பை எழுத்துகளாகத் தெரியும். அன்ஆர் குறியாக்கத்தை ஊகித்துப் பார்க்கிறது. ஊகம் தவறினால் நாமே குறிப்பிட்டுச் சொல்லவும் இடம் தருகிறது. பழைய மேக் கோப்புகளுக்கு ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற இரண்டாம் பகுதி உண்டு. ஸ்டஃப்இட் கோப்பிலிருந்து அதையும் எடுத்துத் தனிக் கோப்பாக எழுதித் தருகிறது. உள்ளே பல கோப்புகள் சிதறிக் கிடந்தால் தானாகவே ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் வைக்கிறது. பிகேஅன்ஜிப்பால் சூடுபட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். குறை என்று சொன்னால், லினக்ஸில் இது க்னூஸ்டெப் என்ற துணை நிரல் நூலகங்களையும் இழுத்துக்கொண்டு வருவதால், வட்டில் இடம் குறைந்த பழைய கணினிக்குச் சற்றுக் கனமானது.

ஏஸ் வடிவத்தைப் பொறுத்தவரை கூடுதல் எச்சரிக்கை தேவை. வின்ரார் நெடுங்காலம் ஏஸ் கோப்புகளை ஒரு வெளி டிஎல்எல் நூலகத்தின் துணையோடு திறந்துவந்தது. தீய நோக்கோடு தயாரித்த ஏஸ் கோப்பு, நாம் தேர்ந்த கோப்புறைக்கு வெளியே, விண்டோஸ் தொடங்கும்போது தானே இயங்கும் நிரல்களுக்கான ஸ்டார்ட்டப் கோப்புறையில்கூட, தன் நிரலை எழுதிவிட முடியும் என்ற ஓட்டை அந்த நூலகத்தில் கண்டறியப்பட்டது. அதன் மூல நிரல் கையில் இல்லாததால் திருத்தவும் வழியில்லை, 2019-இல் 5.70 பதிப்போடு வின்ரார் ஏஸ் ஆதரவையே நீக்கிவிட்டது. எனவே பழைய வின்ராரை இதற்காகத் தேடி நிறுவுவது தவறு. ஏஸைத் திறந்தே ஆகவேண்டுமென்றால் அதன் டாஸ் நிரலை டாஸ்பாக்ஸுக்குள் இயக்குங்கள். இணைத்துத் தந்த கோப்புறையைத் தாண்டி அதனால் கை நீட்ட முடியாது.

வின்ராருக்கு மிஞ்சும் வேலை, பழுதடைந்த ரார் கோப்பு. உருவாக்கியவர் மீட்புப் பதிவைச் சேர்த்திருந்தால், சேதமான பகுதியை வின்ரார் அதைக்கொண்டு சரிசெய்யும். இதை 7-ஜிப்போ அன்ஆரோ செய்யாது. ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் தனித் தலைப்பு இருப்பதால், கடைசியில் உள்ள பட்டியல் அழிந்திருந்தாலும் பிகேஜிப்போடு வந்த பிகேஜிப்ஃபிக்ஸ் அதை மீண்டும் கட்டியெழுப்ப முயலும். எல்லாக் கோப்புகளையும் ஒரே ஓட்டமாகச் சுருக்கிய ‘சாலிட்’ வகை ராரில் மீட்புப் பதிவும் இல்லையென்றால், நடுவில் ஒரு பைட் கெட்டாலும் அதற்குப் பின்னுள்ளவை பெரும்பாலும் போனவையே. ஆகவே எதையும் விரிப்பதற்கு முன் ஃபிளாப்பியிலிருந்து வன்வட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலின் மீது சோதனைக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பிகேஅன்ஜிப்பிலும் 7-ஜிப்பிலும் அன்ஆரின் துணைக் கருவியான எல்எஸ்ஏஆரிலும் அந்த வசதி இருக்கிறது. சிஆர்சி (கோப்பு பழுதில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) பொருந்தவில்லை என்று மூன்றும் ஒரே கோப்பைச் சுட்டினால் குற்றம் கருவியில் இல்லை. ஃபிளாப்பியை வேறொரு டிரைவில் இட்டு மறுபடியும் நகலெடுக்க வேண்டும்.