டூசி படகுப் போட்டியைப் பார்க்க ‘பேக்கேஜ்’ வாங்குவோர் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலிருந்து டர்பன் கடற்கரை வரை ஆண்டுதோறும் பிப்ரவரியில் மூன்று நாள் நடைபெறும் டூசி படகு மாரத்தானைக் கூடவே சென்று காட்டுவதாகச் சொல்லி, டர்பனில் உள்ள ஒரு சுற்றுலா முகவர் எங்களிடம் ஆளுக்கு 4,800 ராண்ட் வாங்கிக்கொண்டு, போட்டியின் பெரும்பகுதியைக் கண்ணிலேயே காட்டாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலை நிமித்தமாகப் புதிதாக டர்பனுக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களைத்தான் அவர் வாட்ஸ்அப் குழுக்களில் தேடிப் பிடிக்கிறார் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இந்தப் போட்டியின் தன்மை தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பது விளங்கும். தூரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இயான் பிளேயர் 1951இல் இதைத் தொடங்கியபோது புறப்பட்ட எட்டுப் பேரில் அவர் ஒருவரே, அதுவும் ஆறு நாளுக்கு மேல் கழித்து, டர்பன் வந்து சேர்ந்தார். இன்றைய முன்னணி வீரர்களோ மூன்று நாளையும் கூட்டினால் எட்டு மணி நேரத்தையொட்டி முடித்துவிடுகிறார்கள். விடிந்தும் விடியாததுமாகப் புறப்படுகிறவர்கள் முற்பகலுக்குள் அன்றைய கட்டத்தைத் தாண்டிவிடுவார்கள். ஆறு ஓடும் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் கரையோரச் சாலை கிடையாது. படகோட்டிகளே பல இடங்களில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறி ஓடுகிறார்கள் என்றால், பார்வையாளர் எவ்வளவு மண்சாலை சுற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இந்தப் பயணத்தை விற்பவர் உண்மையில் விற்பது வண்டியை அல்ல. எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அறிவையும், உள்ளே நுழைவதற்கான அனுமதியையும்தான். எங்கள் முகவரிடம் இரண்டுமே இருக்கவில்லை.

முதல் நாள் கேம்ப்ஸ் டிரிஃப்டில் புறப்பாட்டையும், அங்கிருந்து சிறிது தூரத்திலேயே உள்ள எர்னி பியர்ஸ் தடுப்பணையில் படகுகள் சரிந்து இறங்குவதையும் காட்டுவதாகப் பேச்சு. வண்டியோ வீட்டு வாசலுக்கே ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. நாங்கள் தடுப்பணைக்குப் போனபோது கூட்டம் மடக்கு நாற்காலிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கடைசித் தொகுதியில் ஒருவர் கவிழ்ந்து, ஒரு கையால் படகையும் மறு கையால் துடுப்பையும் பற்றியபடி பழுப்பு நீரில் கால் ஊன்ற இடம் தேடித் தவித்ததையும், கரையில் நின்ற சிறுவர்கள் அவரை உற்சாகப்படுத்திக் கூச்சலிட்டதையும் பார்த்தோம். நாங்கள் கொடுத்த பணத்துக்கு நியாயமாகக் கிடைத்த காட்சி அது ஒன்றுதான். அதன் பிறகு பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குச் சிக்னல் போய்விட, வழிக்காக அதை மட்டுமே நம்பி வந்த ஓட்டுநர் ஒரு பள்ளிக்கூட வாசலோடு முடியும் சாலையில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இரண்டாம் நாள் படகுகள் இனாண்டா அணையின் தேங்கிய நீரில் நெடுந்தூரம் துடுப்புப் போட்டுக் கரைசேரும். எங்கள் மணிக்கட்டில் முகவர் கட்டிவிட்ட ‘சிறப்பு அனுமதிப் பட்டையை’ நுழைவாயில் காவலர் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். மை அப்படியே அவர் விரலோடு வந்துவிட்டது. யாரோ நகலெடுத்து வெட்டிய காகிதம்! காவலர் மரியாதையாகவே பேசினார், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. நுழைவுக் கட்டணத்தை நாங்களே மறுபடியும் கட்டி உள்ளே போவதற்குள் முன்னணியினர் உடை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் கோபப்படுத்தியது வேறொன்று. ‘குழந்தைகளுக்கு ஆற்றுக் குளியல்’ என்று முகவருடைய விளம்பரத் தாளில் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கழிவுநீர் கலப்பதால் அந்த ஆற்றில் ஈ. கோலை கிருமி அபாய அளவில் இருப்பதும், போட்டியாளர்களே வயிற்றுப்போக்கால் அவதிப்படுவதும் உள்ளூரில் அறியாதவர் இல்லை. ‘டூசி கட்ஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு தாய் இதை முன்பே கேள்விப்பட்டிருந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள்.

மூன்றாம் நாள் பர்மா ரோடு ஏற்றத்துக்குப் போகவே இல்லை. படகைச் சுமந்துகொண்டு அந்தச் செங்குத்துக் குன்றில் ஏறுவதைப் பார்க்கத்தான் பலரும் இதற்கு வருகிறார்கள். மாறாக, நேராகப் போட்டி முடியும் இடமான டர்பன் புளூ லகூனில் இறக்கிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் போய் நிற்கக்கூடிய அந்தப் பொது இடம், எங்கள் பயணத் திட்டத்தில் ‘பிரத்தியேகப் பார்வை இடம்’ என்று அச்சாகியிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “ரேஸ் உங்களுக்காக நிற்குமா சார்?” என்று சிரித்தார், பிறகு அடுத்த ஆண்டுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் செய்தி அனுப்பினார். போட்டி நிற்காது என்பது எனக்கும் தெரியும். அது நிற்காது என்பதால்தானே வழி தெரிந்தவர் என்று நம்பி அவரிடம் பணம் கொடுத்தோம்! 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, சேவையில் குறை இருந்தால் அதைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவோ கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்கு அவரிடமிருந்து பதில் இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர் கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள் என்று வற்புறுத்தியதன் காரணம் இப்போது புரிகிறது: கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலமாகவே பணத்தை மீட்க முயன்றிருக்கலாம்.

இதுபோன்ற பேக்கேஜை யார் விற்றாலும், ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்போம் என்பதையும், நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வழிகாட்டி என்று ஒருவர் உடன் வந்தால் பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இந்த நாட்டில் பதிவு இல்லாமல் அத்தொழில் செய்வது சட்டவிரோதம். அதைவிட நல்ல வழி, படகோட்டிகளுக்கு உணவும் தண்ணீரும் கொண்டு செல்லும் ‘செகண்ட்ஸ்’ எனப்படும் துணையாட்களில் ஒருவரைத் தெரிந்துகொண்டு அவருடைய வண்டிக்குப் பின்னாலேயே போவது. அடுத்த பிப்ரவரிக்கு அதே விளம்பரத் தாள் வேறொரு பெயரில் ஏற்கெனவே குழுக்களில் வரத் தொடங்கிவிட்டது. ஆற்றுக் குளியல் அதிலும் இருக்கிறது.