கனத்த பலகையும் டிராக் ரம்பமும்: மூன்று வருடப் புழக்கம்

டிராக் ரம்பம் என்பது பலகை மேல் வைத்த நீளச் சட்டத்தின் (ரயில்) மேல் நேராக வழுக்கிப் போகும் வட்ட ரம்பம். வாங்கும்போது பிளைவுட் மட்டும்தான் என் மனதில் இருந்தது. 18 மி.மீ. ஷீட்டை அது சொன்னபடி கேட்டு அறுத்துத் தந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வைரம் பாய்ந்த 45 மி.மீ. பலகையில் இறக்கிய அன்றுதான் அதன் சுயரூபம் தெரிந்தது.

முதலில் ஆழக் கணக்கு. என்னுடையது 160 மி.மீ. பிளேடு, 1200 வாட், வயரில் ஓடுவது. பெட்டியில் 55 மி.மீ. என்று போட்டிருந்தது. அது ரம்பத்தை மரத்தின் மேலேயே நேராக வைத்தால்தான். ரயிலின் கனம் நாலைந்து மி.மீ.யைத் தின்றுவிடும். பற்கள் அடிப்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கவும் வேண்டும். ஆக நம்பி இறங்க முடிவது 47 மி.மீ. அளவுக்குத்தான். 45 டிகிரி சாய்த்தால் 35 கூடத் தேறாது.

அடுத்தது பிளேடு. கூடவே வந்தது 48 பல். பிளைவுட்டுக்கு அருமை. கனத்த பலகையை நார் போகும் திசையில் அறுக்க அதையே ஓட்டினேன். இரண்டடி போவதற்குள் கருகல் வாடை, மோட்டார் முனகல், அறுத்த முகம் முழுக்கக் கறுப்புக் கோடு. பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடம் கிடையாது. உள்ளேயே உரசிச் சூடாகும், பிசின் உருகிப் பல்லில் ஒட்டும். 14 பல் பிளேடு மாற்றியதும் வேறு மெஷின் போல ஓடியது. ஆனால் புதிய பிளேடு சற்றுத் தடிமன். வெட்டு ஓரம் சிலும்பாமல் அழுத்திப் பிடிக்க ரயில் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை உண்டு. அதைப் புதிய பிளேடு இன்னும் ஒரு மயிரிழை சீவிவிட்டது. அதன் பிறகு பழைய பிளேடைப் போட்டால் பட்டைக்கும் வெட்டுக்கும் நடுவே இடைவெளி, பிளைவுட் ஓரமெல்லாம் சிலும்பல். இரண்டு பிளேடும் ஒரே தடிமனில் இருக்கும்படி பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது ஒரே மூச்சில் அறுப்பதில்லை. முதல் ஓட்டம் 20 மி.மீ. ஆழம், ரயிலை அசைக்காமல் அடுத்தது முழு ஆழம். மரம் ரொம்ப வைரமென்றால் மூன்று ஓட்டம். நேரம் பிடிக்கும், ஆனால் கருகல் இல்லை.

பயந்த கதை ஒன்றும் உண்டு. வாங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். சரியாகக் காயாத தேக்குப் பலகை. பாதி தாண்டியதும் மரம் உள்முறுக்கு அவிழ்ந்து வெட்டு வாயை மூடிக்கொண்டது. பிளேடைக் கவ்விய வேகத்தில் ரம்பம் ரயிலை விட்டு எழும்பிப் பின்னால் உதைத்தது. நேர் பின்னால் நிற்காமல் ஓரமாக நின்றதால் தப்பினேன். சோம்பேறித்தனத்தில் ரயிலுக்குக் கிளாம்ப் போடவில்லை. ரயிலின் அடியில் இருக்கும் வழுக்காத பட்டையே போதும் என்று நினைப்பு! பிளைவுட்டுக்குப் போதும், இதற்குப் போதாது. வெட்டு வாய் மூடாமல் தடுக்கும் தகடு பிளேடுக்குப் பின்னால் சில மாடல்களில் உண்டு, என்னுடையதில் இல்லை. அதனால் ஓரடி அறுத்ததும் நிறுத்தி, வெட்டுக்குள் மெல்லிய மர ஆப்பு சொருகிவிட்டுத்தான் மேலே போகிறேன். கனத்த மரம் அறுக்கவே வாங்குகிறவர்கள் அந்தத் தகடு இருக்கிற மாடலைப் பாருங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் செங்குத்துப் பிசகு. பிளேடு அரை டிகிரி சாய்ந்திருந்தால் 18 மி.மீ. ஷீட்டில் தெரியவே தெரியாது. 45 மி.மீ. பலகையில் அதுவே கிட்டத்தட்ட 0.4 மி.மீ. இரண்டு பலகையை ஒட்டும்போது வெளிச்சம் புகும் சந்து. ரம்பத்தின் கோண அளவுகோலில் இருக்கும் 90ஐ நம்பாமல், துண்டுக் கட்டையை அறுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஒட்டப்போகும் ஜோடியில் ஒன்றை நல்ல முகம் மேலாகவும் மற்றதைக் கீழாகவும் போட்டு அறுப்பது இன்னொரு தந்திரம். ஒன்றின் சாய்வு மற்றதன் சாய்வோடு சரியாகப் பொருந்திவிடும்.

70 மி.மீ. பலகை வந்தால் இரு பக்கமிருந்தும் அறுக்க வேண்டியதுதான். வெட்டுக் கோட்டைப் பலகையின் நாலு பக்கமும் வரைந்து, ஒரு பக்கம் அறுத்து, புரட்டிப்போட்டு, ரயிலை மறுபடி வைத்து அறுத்தாலும் நடுவில் ஒரு மெல்லிய படி நிற்கும். இழைப்புளி நாலு முறை போனால் சரியாகிவிடும். இதற்காகவே 210 மி.மீ. பிளேடு மெஷின் வாங்கலாமா என்று யோசித்ததுண்டு. ஒருமுறை தூக்கிப் பார்த்ததோடு ஆசை அடங்கிவிட்டது.

நீளப் பலகைக்கு இரண்டு ரயிலை இணைக்கும்போது முனைகளை ஒட்ட நெருக்காதீர்கள். முனை வெட்டு கோணலாக இருந்தால் மொத்தமும் வளையும். ஒரு நூல் இடைவெளி விட்டு, நேரான நீளச் சட்டம் ஒன்றை ஓரத்தில் அணைத்து முடுக்குங்கள்.

மரப்பட்டை ஒட்டிய வளைந்த பலகைக்கு முதல் நேர் ஓரம் எடுக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பலகை அசையாமல் கிடக்கும், ரம்பம்தான் நகரும். ஆனால் ஒரே அகலத்தில் பத்து ரீப்பர் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ரயிலை அளந்து வைத்தே பொழுது போய்விடும். குறுகலான துண்டில் ரயில் சாயும், பக்கத்தில் அதே கனத்தில் இன்னொரு கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலை வந்தால் நான் டேபிள் ரம்பம் வைத்திருக்கும் நண்பர் பட்டறைக்குப் போய்விடுகிறேன்.