200 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு: விளம்பரத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீட்டுக்கு ஆறு மாதச் சந்தாவில் ஃபைபர் இணைப்பு எடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. மாதக் கட்டணம் 799 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 943 ரூபாய். நோட்டீஸில் 200 எம்பிபிஎஸ் என்று பெரிதாக அச்சிட்டு, ‘வரை’ என்ற சொல்லை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த 200 எம்பிபிஎஸ் (Mbps) என்பது நொடிக்கு 200 மெகாபிட் என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், முழு வேகம் வந்தாலும் கோப்பு இறங்குவது நொடிக்கு 25 மெகாபைட்தான். இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

என் குறை வேறு. இணைப்பு கொடுத்த அன்று சமையலறையில் செல்போனில் வேகம் பார்த்தபோது 38 காட்டியது. ரவுட்டரை வாசற்கதவின் அருகே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இடையில் பழைய காலத்துத் தடித்த சுவர்கள் இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் உண்டு, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். எனவே வைஃபையை விட்டுவிட்டு, அவர்களே கொடுத்த லேன் கேபிளை மடிக்கணினியில் செருகிச் சோதித்தேன். எத்தனை முறை பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லை.

புகார் கொடுத்த மூன்றாம் நாள் வந்த இளைஞர் கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டுமே கிளிப்புக்குள் சேர்த்து, மற்ற நான்கையும் வெட்டி விட்டிருந்தார்கள். நான்கு கம்பிகளில் 100 எம்பிபிஎஸ் இணைப்புதான் கிடைக்கும். அவர் இரு முனைகளையும் வெட்டி, எட்டுக் கம்பிகளையும் நிற வரிசையில் அடுக்கிப் புதுக் கிளிப் அடித்ததும் 193 வந்தது. ஐந்து நிமிட வேலைதான். பொறுமையாக விளக்கிச் சொன்ன அந்த இளைஞருக்கு என் நன்றி.

இருந்தும் இரவு ஒன்பது மணிக்கு அதே கேபிளில் 70 ஆகிவிட்டது. வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் ஜிபான் (GPON) என்ற முறையில் ஒரே ஃபைபர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2,500 எம்பிபிஎஸ். 64 வீடுகளும் ஒரே சமயத்தில் முழு வேகம் கேட்டால் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ்தான் தேறும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 200 என்று விற்கிறார்கள். அந்தக் கணக்கு பகலில் சரியாக வருகிறது. எங்கள் தெரு முழுவதும் வீடு திரும்பி டிவியைப் போட்ட பிறகு வருவதில்லை. இரவு எட்டு முதல் பதினொன்று வரை சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்பதை அதே நோட்டீஸில் அச்சிட்டிருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன்.

வேகத்தைச் சோதிப்பவர்கள் காலை, மாலை, இரவு என ஒரு வாரமாவது லேன் கேபிளில் பார்த்துத் தேதியுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்படிச் சேர்த்த இருபது படங்களை அனுப்பிய பிறகுதான் வாடிக்கையாளர் சேவையில் என் புகாரை மேலதிகாரிக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டை நெரிசல் குறைந்த வேறு இழைக்கு மாற்ற இன்னும் மூன்று வாரங்கள் ஆயின. இப்போது இரவில் 140 வருகிறது.

4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். எங்கள் வீட்டில் இருப்பது நான்கு பேர். அடுத்த மாதம் சந்தா முடிந்ததும் இதே நிறுவனத்தில் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிக்கொள்கிறேன்.