அடையார் லைப்ரரி: கட்டாயம் ஒரு தடவ போய் பாருங்க

சென்னை அடையார்ல இருக்குற தியசாஃபிகல் சொசைட்டிக்குள்ள (பிரம்மஞான சபை) போறவங்க முக்காவாசி பேர் ஆலமரத்த பாத்துட்டு அப்படியே திரும்பிடுறாங்க, உள்ள இருக்குற லைப்ரரி பக்கம் யாரும் எட்டிக்கூட பாக்குறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு.

1886 டிசம்பர்ல, சொசைட்டிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான கர்னல் ஆல்காட் இந்த லைப்ரரிய திறந்தப்போ இந்து, பௌத்தம், பார்சி, இஸ்லாம்னு நாலு மதத்து குருமாரையும் ஒண்ணா வரவழைச்சு ஆசி வாங்கித்தான் ஆரம்பிச்சாரு. அந்த காலத்துல அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. இன்னிக்கும் அதே கேம்பஸ்ல கோயில், சர்ச், மசூதி, புத்தர் சன்னதி எல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கு.

ஓலைச்சுவடியே ஆயிரக்கணக்குல வச்சிருக்காங்க. கிட்ட போய் பாத்தா ஓட்ட போட்டு கயிறு கோத்த ஓலைல எழுத்தாணியால பொடிப்பொடியா வரி வரியா கீறியிருக்கு, யாரோ ஒருத்தர் கண்ணு வலிக்க வலிக்க எழுதினது, பாக்கும்போதே எந்த மதமா இருந்தாலும் ஒரு மரியாதை தானா வருது.

வேற வேற மதத்துக்காரங்க ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்க பேசுறதுன்னா மேடை போட்டு பொன்னாடை போத்துறதோட நின்னுடக் கூடாதுங்க. உ.வே.சா. திருவாவடுதுறை சைவ மடத்துல படிச்சு வளந்தவர், சீவக சிந்தாமணிய கையில எடுத்தப்போ அதுல வர்ற சமண விஷயம் பிடிபடாம கும்பகோணத்து ஜைனர்கள் வீட்டுக்கே போய் உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டாரு, அப்புறம்தான் 1887ல புத்தகம் வந்துச்சு. ஒரு புக்கு புரியணும்னு அடுத்த மதத்துக்காரர் வீட்டு திண்ணைல போய் உக்காருறோம் பாருங்க, அதுக்கப்புறம் அவங்கள பத்தி எவனாவது வாட்ஸ்அப்ல கண்டத அனுப்பினா நம்ம மனசு அவ்ளோ சீக்கிரம் நம்பாது.

என்னோட ஒரே ஆசை, அடையார் லைப்ரரில தமிழ்ல சாதாரண ஜனங்களுக்கும் இந்த மாதிரி கூட்டம் நடக்கணும். ஊர் ஊரா கிளை நூலகத்துல வாசகர் வட்டம் இருக்குல்ல, அங்கயும் ஒரு மாசம் தேவாரம், ஒரு மாசம் தமிழ் குர்ஆன், ஒரு மாசம் பைபிள்னு எடுத்து அந்தந்த மதத்துக்காரங்களே பக்கத்துல உக்காந்து விளக்குனா எவ்ளோ நல்லாருக்கும். லைப்ரரில யாரும் நீ எந்த மதம்னு கேக்க மாட்டாங்க, எல்லாரும் சங்கடமில்லாம வரலாம்.

ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அடையார் லைப்ரரி பொக்கிஷம், சும்மா பாக்க போறவங்களும் தாராளமா போகலாம். நேரம், அனுமதி ரெண்டையும் முன்னாடியே கேட்டுட்டு கிளம்புங்க. பெசன்ட் நகர்ல உ.வே.சா. பேர்ல இருக்குற நூலகமும் பக்கம்தான், அதையும் சேத்து பாத்துட்டு வாங்க.