விசை அழுத்தாதவரின் எதிர்வினை நேரம் எவ்வளவு? நான்கு மென்பொருள்கள், நான்கு பதில்கள்

கணினியில் நடக்கும் உளவியல் சோதனை. படத்தைப் பார்த்து விசையை அழுத்தப் பங்கேற்பாளருக்கு 2 வினாடி கெடு. அவர் எந்த விசையையும் தொடவில்லை. தரவுக் கோப்பின் எதிர்வினை நேரப் பத்தியில் (அழுத்த எவ்வளவு நேரமானது என்ற பத்தி) என்ன விழும்? இத்தகைய சோதனைகளை உருவாக்கும் நான்கு மென்பொருள்களும் நான்கு விதம். ஈ-பிரைம் 0 என்று எழுதும். ஓப்பன்செசமி 2000 மில்லிவினாடியை ஒட்டிய எண்ணை எழுதும். உலாவியில் ஓடும் ஜேஎஸ்சைக் ‘நல்’ (மதிப்பு இல்லை) என்று போடும். சைக்கோபையின் பில்டர் (நிரல் எழுதாமல் சோதனையை அடுக்கும் திரை) கட்டத்தைக் காலியாக விட்டுவிடும்.

பின்னவை இரண்டிலும் ஆபத்தில்லை. முன்னவை இரண்டும் அசல் எண்களாகவே நிற்பதால் எக்செல் மறுபேச்சில்லாமல் கூட்டிவிடும்: ஒன்று சராசரியைக் கீழே இழுக்கும், மற்றொன்று மேலே தள்ளும். எனவே இந்த இரண்டில் ஓடிய சோதனை என்றால், சராசரி போடும் முன் விடை இல்லாத வரிகளை வடிகட்டியே ஆகவேண்டும். அலகும் ஒன்றல்ல. சைக்கோபை வினாடியில் எழுதும் (0.482), மற்ற மூன்றும் மில்லிவினாடியில் (482).

அடுத்த சிக்கல், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது. சைக்கோபையில் அது கீபோர்டு உறுப்பு (விசையழுத்தத்தைப் பதிவு செய்யும் பகுதி) தொடங்கும் கணம். படம் தோன்றும் கணம் அல்ல. 0.5 வினாடி கூட்டல் குறி காட்டிவிட்டுப் படம் வருகிறது, கீபோர்டின் தொடக்கமோ 0 என்றே இருக்கிறது என்றால், எல்லா நேரங்களிலும் அரை வினாடி கூடுதலாகச் சேரும். போதாததற்கு, படம் வரும் முன்பே அழுத்தியதும் விடையாகிவிடும். படத்துக்கும் கீபோர்டுக்கும் ஒரே தொடக்க நேரம் கொடுங்கள். ஓப்பன்செசமியில் பிழை எதிர்த்திசையில் வரும். படத்தைக் காட்டும் உருப்படியான ஸ்கெட்ச்பேடின் கால அளவை 500 என்று வைத்தால், அந்த 500 மில்லிவினாடி முடிந்த பிறகே விசையைப் பதிவு செய்யும் கீபோர்டு ரெஸ்பான்ஸ் எண்ணத் தொடங்கும். அங்கே 0 என்று வைக்க வேண்டும். அடுத்த திரை வரும்வரை படம் எப்படியும் அப்படியே நிற்கும்.

ஓப்பன்செசமியில் உருப்படிகளை அடுக்கும் வரிசைதான் எல்லாம். தரவைக் கோப்பில் எழுதும் லாகரைக் கீபோர்டு ரெஸ்பான்ஸுக்கு முன்னால் வைத்துவிட்டால் இந்தச் சுற்றின் வரியில் போன சுற்றின் விடை ஏறும். கோப்பு நிறைந்திருக்கும், பிழைச்செய்தி வராது, ஒவ்வொரு விடையும் ஒரு வரி தள்ளி நிற்கும். ‘சரி / தவறு’ என்று காட்ட ஸ்கெட்ச்பேடைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான்: அது விசை அழுத்தப்படும் முன்பே தயாராகிவிடுவதால் பழைய முடிவைக் காட்டும். அதற்கென்றே ஃபீட்பேக் என்ற உருப்படி இருக்கிறது.

சைக்கோபையின் தொல்லை எழுத்துக்குறிகளில். அனுமதித்த விசைகளுக்கான பெட்டியில் 'left','right' என்பது போல மேற்கோள் குறி வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எதைக் காட்டுவது, எது சரி என்று பட்டியலிடும் எக்செல் நிபந்தனைக் கோப்பில் சரியான விடைப் பத்தியில் அந்தக் குறி கூடாது. விடை சரியா என்று பதியும் ‘ஸ்டோர் கரெக்ட்’ பெட்டியைத் தேர்ந்தெடுத்த பின் விடைப் பத்தியின் பெயருக்கு முன் டாலர் குறி போட மறந்தால், அந்தப் பெயரையே விசையாகக் கருதி எல்லாவற்றுக்கும் 0 போடும். எவருமே ஒரு கேள்விகூடச் சரியாகச் சொல்லவில்லை என்று தரவு காட்டினால் முதலில் அங்கே பாருங்கள். அழுத்திய எல்லா விசைகளையும் சேமிக்கும் ‘ஆல் கீஸ்’ தேர்ந்தால் விடை பட்டியலாக வரும். நிரல் எழுதும் ‘கோட்’ (code) பகுதியில் அதை ஒற்றைச் சொல்லோடு ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது.

ஜேஎஸ்சைக்கின் வழக்கமான விசைப்பதிவுச் செருகிகள் சரி தவறைத் தானாகக் கணக்கிடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு வரி நிரல் நீங்களே எழுத வேண்டும். இடது அம்பு அங்கே ‘ஆரோலெஃப்ட்’, சைக்கோபையில் வெறும் ‘லெஃப்ட்’. ஸ்பேஸ் விசை ஒற்றை இடைவெளி எழுத்து. தரவு உலாவியின் நினைவகத்தில்தான் இருக்கும், சர்வருக்கு அனுப்ப நிரல் எழுதாவிட்டால் தாவலை மூடியதும் போய்விடும். நிரல் எழுதப் பழகியவருக்கு இதெல்லாம் சுமையே அல்ல. புதியவருக்கு நாங்கள் சைக்கோபையையே சொல்வோம். அதன் பிழைகள் கோப்பைத் திறந்ததும் கண்ணில் படும்.

எதை எடுத்தாலும், ஆளை அழைக்கும் முன் நான்கே சுற்றுகள் நீங்களே ஓட்டுங்கள்: ஒன்றில் சரியான விசை, ஒன்றில் தவறான விசை, ஒன்றில் அனுமதிக்காத விசை, ஒன்றில் எதுவுமே வேண்டாம். வரிசையைத் தாளில் குறித்துக்கொண்டு கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மூன்றாவதும் நான்காவதும் ஒரே மாதிரி பதிவாகியிருக்க வேண்டும்.